நூலால் அளந்த தூரம்

அரவேணுவிலிருந்து (நீலகிரி):

மகள் அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பெங்களூரில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பாடு. சான்பிரான்சிஸ்கோவில் அதே நாள் மாலை 5.30 மணிக்கு இறக்கம். "மூன்றரை மணி நேரமா? சீசனில் இங்கிருந்து கோவை போய்ச் சேரவே அவ்வளவு ஆகுமே!" என்றார். உண்மையில் அது பதினாறு மணி நேரப் பயணம். கோடையில் அந்த ஊர்க் கடிகாரம் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுவதால் வந்த கண்கட்டு.

பேரன் அதோடு விடவில்லை. பாட்டியின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்துச் சுவரில் இருந்த உலக வரைபடத்தில் பிடித்தான். அரேபியா, சகாரா, அட்லாண்டிக் என்று போனது. அதே நூலை அவனுடைய முப்பது செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையில் வைத்து இழுத்தபோது, அது தானாக வழுக்கி வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அளந்தால் முப்பது செ.மீ. ஸ்கேலைவிட மூன்று செ.மீ. கூடுதல், உலகக் கணக்கில் ஏறத்தாழ 14,000 கி.மீ. ஆனால் விமானத்தில் இருக்கைத் திரையைப் பார்த்தால், நூல் காட்டிய வழியை விட்டு ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்துகொண்டிருந்தோம். பேரனிடம் என்ன சொல்வது?

குன்னூரிலிருந்து:

காற்று என்று சொல்லுங்கள். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான ஜெட் காற்று வீசுகிறது; கிழக்கே போகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பியது. அட்லாண்டிக் வழியைவிடத் தூரம் அதிகம், 15,300 கி.மீ. ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் மலை ரயிலைப் பாருங்களேன். மேட்டுப்பாளையம்–ஊட்டி அதே 46 கி.மீ. ஏற ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை.

ஊட்டியிலிருந்து:

வானத்தில் ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டு, தரையில் கோட்டை விட்டவன் நான். பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்குக் காலை 7 மணி விமானம். மாலையே காரில் கிளம்பினேன். நடுவட்டத்தில் முன்னால் போகிற வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி. தொரப்பள்ளி வனச் சோதனைச் சாவடியை எட்டியபோது இரவு 9.10. அதற்கு அப்பால் பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பத்து நிமிடம்தானே என்று கெஞ்சியும் பார்த்தேன். வனக் காவலர் கையிலிருந்த டார்ச்சால் கடிகாரத்தைக் காட்டினார், அவ்வளவுதான்.

முன்னால் ஒரு கேரட் லாரி நின்றிருந்தது. விடியும்வரை வேறு வேலை இல்லாததால் அதன் ஓட்டுநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம், சார்?"

"நாலரை."

"பக்கம்தான்" என்றவர், தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.