ஸ்டேப்ளர் அதே, ஜெல்லி அதே, சிரிப்பு மட்டும் எங்க போச்சு?

பாதிராத்திரி_பாண்டி: மக்களே, நேத்து தூக்கம் வராம பிபிசியோட 'தி ஆபீஸ்' காமெடி சீரியல் (2001) முதல் எபிசோடையும் அமெரிக்கன் வெர்ஷன் (2005) முதல் எபிசோடையும் அடுத்தடுத்து போட்டுப் பார்த்தேன். கூட வேலை செய்றவனோட ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள்ள போட்டு வைக்கிறது, ரிசப்ஷனிஸ்ட் பொண்ணை திருட்டுப்பட்டம் கட்டி வேலையை விட்டு தூக்குறேன்னு 'விளையாட்டுக்கு' சொல்லி அழ வைக்கிறது, எல்லாம் அச்சு அசல், வசனம்கூட பல இடத்துல வரிக்கு வரி அதேதான். ஆனா முதல்ல பார்த்ததுல கூச்சத்துல நெளிஞ்சுகிட்டே சிரிச்சேன், இதுல சும்மா உக்காந்திருந்தேன். ரீமேக்னாலே தண்டம்தான்.

டண்டர்மிஃப்ளின்_தம்பி: ஒரு எபிசோட் பார்த்துட்டு தீர்ப்பா ப்ரோ? அமெரிக்கன் வெர்ஷன் 9 சீசன், கிட்டத்தட்ட 200 எபிசோட் ஓடுச்சு, பிபிசி ஒரிஜினல் ஸ்பெஷலோட சேர்த்தே 14தான். ரெண்டாவது சீசன்ல அந்த ஆபீஸ் பாஸ் மைக்கேல் கேரக்டரையே மாத்திட்டாங்க, எல்லாருக்கும் தன்னைப் பிடிக்கணும்னு ஏங்குற ஒரு அப்பாவியா ஆக்குனாங்க, அங்கதான் சூடு பிடிச்சுது.

பாதிராத்திரி_பாண்டி: அதைத்தானே நானும் சொல்றேன்?? காப்பி அடிக்கிறதை விட்டதுக்கு அப்புறம்தானே தேறுச்சு. அப்போ அது ரீமேக்கே இல்ல, புது சீரியல்.

டண்டர்மிஃப்ளின்_தம்பி: ஓஹோ, ஓடலைன்னா ரீமேக், ஓடிட்டா புது சீரியலா. நல்லா இருக்குண்ணே உங்க கணக்கு.

கட்_பண்ணு: எடிட்டிங்தான் என் பொழப்பு, அதனால ஒண்ணு சொல்றேன். பிபிசியோட இன்னொரு காமெடி 'கப்ளிங்', அதோட ரீமேக் அமெரிக்கால 2003ல வந்து நாலு எபிசோட்ல ஊத்தி மூடுனாங்க. பிபிசில விளம்பரம் கிடையாது, அரை மணி நேரம்னா கிட்டத்தட்ட அரை மணி நேரமே கிடைக்கும். அங்க விளம்பரம் போக 22 நிமிஷம்தான். அதே ஸ்கிரிப்டை அதுக்குள்ள திணிச்சா எதை வெட்டுவீங்க? ஜோக்கை யாரும் வெட்ட மாட்டாங்க. ஒருத்தன் உளறுனதுக்கு அப்புறம் மத்தவங்க ஒண்ணும் பேசாம அவனையே ரெண்டு செகண்ட் பார்ப்பாங்கல்ல, அதைத்தான் வெட்டுவாங்க. சிரிப்பு இருக்குறதே அந்த ரெண்டு செகண்ட்லதான்.

பழைய_ஆன்டெனா: தம்பிங்களா, இதெல்லாம் நேத்து ஆரம்பிச்ச கதை இல்ல. பழைய பிரிட்டிஷ் காமெடி 'ஃபால்டி டவர்ஸ்'ல ஹோட்டல்காரன் பேசில் இருக்கானே, பொண்டாட்டிக்கு பயந்து பொய் சொல்லுவான், அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய், கடைசில மொத்தமா மாட்டிக்குவான். 1983ல அமெரிக்கால 'அமாண்டாஸ்'னு எடுத்தாங்க, பேசிலே கிடையாது, ஒரு விதவை ஹோட்டல் நடத்துறாங்க. பயப்பட வீட்ல ஆளே இல்லன்னா எதுக்குப் பொய் சொல்லணும்? எஞ்சினைக் கழட்டி வச்சுட்டு பாடிக்கு பெயின்ட் அடிச்ச கதை. ஆனா பாண்டி சொல்ற மாதிரி எல்லாமே தண்டமும் இல்ல, அமெரிக்காவோட 'ஆல் இன் தி ஃபேமிலி' (1971) ஒரு பிரிட்டிஷ் சீரியல்ல இருந்து வந்ததுதான், வாய்த்துடுக்கான அந்த அப்பனை மட்டும் எடுத்துக்கிட்டு சண்டையை அதோட தயாரிப்பாளர் நார்மன் லியர் தன் நாட்டு சண்டையா மாத்திட்டாரு.

ஜாங்கிரி_மண்டை: எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. எது முதல்ல பார்த்தமோ அதான் ஒரிஜினல். நான் ஹிந்தி 'பஞ்சாயத்'தை மூணு தடவை பார்த்தவ, 2024ல தமிழ்ல 'தலைவெட்டியான் பாளையம்' வந்தப்போ அடுத்து என்னன்னு தெரிஞ்சே பார்த்ததால எனக்கு சப்புன்னு இருந்துச்சு. அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, பக்கத்துல உக்காந்து கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாங்க, நான் கடுப்புல அவங்களைப் பார்க்குறேன், "உனக்கு என்னடி வந்துச்சு"ங்கறாங்க.

பாதிராத்திரி_பாண்டி: அம்மா பாயின்ட் கொஞ்சம் இடிக்குது, ஒத்துக்கறேன். ஆனா பேசில் இல்லாத ஹோட்டலை யாரு முதல்ல பார்த்திருந்தாலும் சிரிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை.

டண்டர்மிஃப்ளின்_தம்பி: அதெல்லாம் இருக்கட்டும், ரெண்டாவது சீசன் பார்ப்பியா மாட்டியா?

பாதிராத்திரி_பாண்டி: இன்னைக்கும் தூக்கம் வரலைன்னா பார்க்குறேன்.