மும்பை மாஹூல்ல யாரு முதல்ல?

வாஷிநாக்கா மணி:
"ரிஃபைனரி முதல்லயே இருக்கு, அப்புறமா போய் ஓசி வீட்டுல உக்காந்துட்டு மூச்சு முட்டுதுன்னு அழுவுறாங்க"ன்னு நேத்து இங்க ஒரு பெரியவர் எழுதிட்டு போயிருக்காரு. படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. யாரு சார் ஆசப்பட்டு போனா? தான்சா குடிதண்ணி பைப்லைன் ஓரத்துல இருந்த குடிசைய இடிச்சு கொண்டு போய் மாஹூல் காலனியில போட்டாங்க, எங்க அத்தையும் வித்யாவிஹார்லேர்ந்து அப்படி போனதுதான், இப்ப மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இல்லாம படுக்க முடியல.

பழைய ஆபரேட்டர்:
அந்தப் பெரியவர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். பர்மா ஷெல் ரிஃபைனரி 1955ல ஓட ஆரம்பிச்சது. உங்க காலனி 72 பில்டிங் எப்ப வந்துச்சு? யாரு முதல்ல? அதுக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி.

தாராவிக்காரன்:
1955க்கு முன்னாடி அங்க மீன் புடிச்சிட்டு இருந்த கோலிக்காரங்க யாரு அண்ணாச்சி, டூரிஸ்டா?

பழைய ஆபரேட்டர்:
கோலிய பத்தி யாரு கேட்டா? 72 பில்டிங். 1955. கணக்கு தெரியும்ல?

வாஷிநாக்கா மணி:
2013ல கேஈஎம் ஆஸ்பத்திரி சர்வே எடுத்தது மாஹூல், அம்பாபாடா ஊருக்குள்ள சார். 67.1 சதவீதம் பேருக்கு மாசத்துல மூணு தடவைக்கு மேல மூச்சுத் திணறல். 2019ல ஹைகோர்ட் காலனி ஜனங்களுக்கு மாசம் 15,000 வாடகை குடு, வேற எடம் போகட்டும்னுச்சு. 2020ல பசுமைத் தீர்ப்பாயம் காத்த கெடுத்ததுக்கு அங்க இருக்கற நாலு கம்பெனிக்கும் சேத்து 286 கோடி நஷ்டஈடு போட்டுச்சு. எல்லாரும் சும்மாவா சொல்றாங்க?

பழைய ஆபரேட்டர்:
அந்த 286ல 142 கோடி டேங்க் கம்பெனி ஒண்ணுக்கே, அத ஏன் முழுங்குற? கெமிக்கல ஏத்தி எறக்கும்போது கெளம்புற ஆவி அது, ரிஃபைனரி புகை இல்ல, ஷிஃப்ட் பாத்தவன் நான், எந்த வாடை எங்கேர்ந்து வருதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. யாரு முதல்ல?

தாராவிக்காரன்:
மிச்ச 144 கோடி யாருக்கு, பிள்ளையார் கோயில் உண்டியலுக்கா? 2018 ஆகஸ்ட் 8 ரிஃபைனரில வெடிச்சது கூட டேங்குதானோ?

பழைய ஆபரேட்டர்:
அது ஹைட்ரோகிராக்கர்ல, அதாவது கனமான எண்ணெய்ய ஒடைக்கிற யூனிட்ல நடந்த விபத்து. விபத்து வேற, வாடை வேற. 1955.

செட்டா நகர் மாமி:
பாதி நாத்தம் தேவ்னார் குப்பை மேட்டுலேர்ந்து வர்றது, அதை ஒருத்தரும் பேச மாட்டேங்கறேளே.

தாராவிக்காரன்:
ஏசி ரூம்ல உக்காந்தா அப்படித்தான் மாமி தெரியும்.

செட்டா நகர் மாமி:
எங்காத்துல ஏசியே கிடையாது. நீ முதல்ல பொங்கல் விழா வசூலுக்கு கணக்கு குடு.

தாராவிக்காரன்:
கணக்கா? உங்க பில்டிங்ல ஒருத்தர் கூட ரசீது வாங்கிட்டு பணம் தரல, வாய் மட்டும் நீளம்.

பழைய ஆபரேட்டர்:
பேச்ச மாத்தாதீங்க. யாரு முதல்ல?

செட்டா நகர் மாமி:
சார், சித்த இருங்கோ. டேய், எந்த பில்டிங்னு தைரியமா பேரைச் சொல்லு பாப்போம்.