சென்னையில் ஸ்வெட்டர் பின்னி விற்க முடியுமா?

கவிதா, அம்பத்தூர்:
சிரிக்காமல் படியுங்கள். பிறந்து வளர்ந்தது ஊட்டி. ஸ்வெட்டர் பின்ன அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். பையன் பள்ளிக்குப் போனபின் பகலில் 4 மணி நேரம் கிடைக்கிறது. கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. பழைய பின்னல் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று யோசனை. வீட்டுக்காரரோ, "அக்னி நட்சத்திரத்தில் யாரிடம் விற்பாய்?" என்கிறார். கேட்பது நியாயம்தான், அதுதான் கடுப்பாக இருக்கிறது.

சரவணன், வேளச்சேரி:
எங்கள் ஆபீஸுக்கு வந்து பாருங்கள். ஏசி 20-ல் ஓடும். பக்கத்து சீட்டுக்காரர் மே மாதத்திலும் சால்வையோடுதான் உட்கார்ந்திருப்பார். ஸ்வெட்டர் வேண்டாம், பைக்குள் மடித்து வைக்கிற மாதிரி மெல்லிய ஷ்ரக் (முன்பக்கம் திறந்த மேலுடை) பின்னுங்கள்.

லலிதா, பெரம்பூர்:
கவிதாம்மா, மெஷின் பக்கமே போகாதே. 11 வருடமாகப் பின்னி விற்கிறேன். முதல் வருடம் நான் பண்ணின கூத்தைக் கேள். பெரியவர்கள் அளவில் 14 ஸ்வெட்டர் பின்னி அடுக்கினேன், ஒவ்வொன்றுக்கும் 30 மணி நேரம். டிசம்பரில் திபெத்தியர்கள் நடைபாதையில் கடை போட்டார்கள். நான் நூலுக்குக் கொடுத்த காசுக்கு அங்கே முழு ஸ்வெட்டரே கிடைத்தது! என்னிடம் விற்றது 3. மீதி அடுத்த ஐப்பசி மழையில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடித்தது.

இந்த ஊரில் பன்னிரண்டு மாதமும் போர்த்திக்கொண்டிருப்பது பச்சைக்குழந்தைதான். தொப்பி, காலுறை, கையுறை மூன்றும் ஒரு செட். 50 கிராம் நூல் உருண்டை ஒன்று போதும், இரண்டு பகலில் முடித்துவிடுவாய். வளைகாப்புக்கும் தொட்டில் போடுவதற்கும் பரிசு கொடுக்க வாங்குகிறார்கள். குத்துகிற கம்பளி வேண்டாம், பருத்தி நூல் எடு. தாடைக்குக் கீழே நாடா வைக்காதே, கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். மணி, பட்டன் எதுவும் தைக்காதே, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடச் சொல்லித்தான் நான் விற்கிறேன். அதைச் சொன்னதால் வியாபாரம் ஒன்றும் குறையவில்லை.

நூலுக்குப் பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் போ. லேபிளில் லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு ஒரே எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் ஒரே நீலம் இரண்டு நீலமாகிவிடும். உன் மணிக்கணக்கையும் விலையில் சேர். "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று பேரம் பேசுவது முதலில் சொந்தக்காரர்கள்தான்.

கவிதா, அம்பத்தூர்:
மெஷின் கேன்சல் அக்கா! பதிவு, ஜிஎஸ்டி எல்லாம் வேண்டுமா?

ரஹீம், ராயபுரம்:
சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்திலேயே இலவசம், ஆதார், பான் எண் வைத்துப் பண்ணிவிடலாம். வேறொரு தளத்தில் 1,500 ரூபாய் கட்டி ஏமாந்தவன் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநில ஆர்டர் வந்தால் அனுப்பும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கவிதா, அம்பத்தூர்:
நன்றி அண்ணா. லலிதாக்கா, அந்த 11 ஸ்வெட்டர் என்ன ஆனது?

லலிதா, பெரம்பூர்:
பிரித்து, துவைத்து, கால்மிதியாகப் பின்னிவிட்டேன். ஒன்று இன்னும் வாசலில் கிடக்கிறது.