மறுமொழி: வரிசை இடைவெளியா, பாரிடையா, நிரையிடையா?

அன்புடையீர், வணக்கம்.

பயிர் வரிசைகளுக்கு இடையே விடும் தூரத்தை (row spacing) தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட ஆத்தூர் ஆசிரியர் தம் வேளாண் வகுப்புப் பாடத்தைத் திங்களன்று அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், ‘இடைவெளி என்று மட்டும் போட்டுவிடுங்கள்’ என்னும் ஓமலூர் ஐயாவின் யோசனைக்கு ஆதரவு பெருகுகிறது. அந்த ஒற்றைச் சொல் பாடத்தின் கருத்தையே விழுங்கிவிடும் என அஞ்சுகிறேன். மக்காச்சோளத்தை 60க்கு 25 (வரிசைகளுக்கு இடையே 60, வரிசைக்குள் செடிகளுக்கு இடையே 25), 75க்கு 20, 50க்கு 30 செ.மீ. என எப்படி ஊன்றினாலும் செடி ஒன்றுக்கு 1,500 சதுர செ.மீ. நிலமே கிடைக்கிறது, எக்டேருக்கு ஏறத்தாழ 66,666 செடிகள். எண்ணிக்கை மாறாதபோதும் விளைச்சல் மாறக்கூடும் என்பதல்லவா பாடம்? வரிசைகள் நெருங்கினால் இலைகள் விரைவில் கூடி நிலத்தை மூடுவதால் வெயில் வீணாவதில்லை, களையும் அடங்குகிறது. விலகினால் இடையுழவுக்கும் மண் அணைக்கவும் வசதி உண்டு, ஆயினும் வரிசைக்குள் செடிகள் நெருங்கி நின்று நீருக்கும் உரத்துக்கும் போட்டியிடுகின்றன. ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும்.

ஐயாவுக்கு ஒரு சொல்லே போதுமெனத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) 90க்கு 90 என்று சதுரமாக நடுகிறோம். அங்கே இரண்டும் ஒன்றே.

‘நிரையிடை’ (நிரை என்றால் வரிசை) இலக்கணப்படி பழுதற்றது. ஆனால் வகுப்பில் உரக்கச் சொன்னால் ‘நிறை எடை’ என்றே காதில் விழும். விளைச்சல் பற்றிய பாடத்தில் இதைவிடப் பெரிய குழப்பம் வேண்டியதில்லை. ‘பாரிடை’ உழவர் வழங்கும் ‘பாருக்குப் பார்’ என்பதிலிருந்து பிறந்தது; பார் என்பது நடவுக்காக மண்ணைக் கூட்டி எழுப்பும் நீள வரப்பு. தேவாரத்துப் ‘பாரிடம்’ பூதகணத்தைக் குறிக்கும் என்று எழுந்த தடை சுவையானதே, எனினும் எந்த மாணவரும் சோளக்காட்டில் பூதத்தைத் தேடமாட்டார். பார் பிடிக்காமல் பாத்தியில் 30க்கு 10 என விதைக்கும் நிலக்கடலைக்கு அச்சொல் பொருந்தாது என்பதே மெய்யான குறை.

‘நண்டோட நெல், நரியோடக் கரும்பு, வண்டியோட வாழை, தேரோடத் தென்னை’ என, அவை ஓடும் அளவுக்கு இடம்விட்டு நடச் சொல்லும் பழமொழியைச் சான்றுகாட்டி, நம் முன்னோருக்குக் கலைச்சொல்லே தேவைப்படவில்லை என்றார் ஒருவர். நரி ஓடுவது கரும்பு வரிசைகளுக்கு நடுவில்தான் என்பது என் துணிபு. நண்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது.

‘வரிசையிடை’, ‘செடியிடை’ என்பனவே என் பரிந்துரை. ‘குறுகிய வரிசையிடை’ என அடை சேர்த்து எழுதவும் எளிது. பெரும்பான்மையினர் ‘வரிசை இடைவெளி’, ‘செடி இடைவெளி’ என்பனவற்றையே விரும்பினால் ஆசிரியர் அவற்றை அச்சிடட்டும். சொற்பட்டியலில் ‘பாருக்குப் பார்’ என்பதும் இடம்பெற வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாயில்லை.