மீரோ பலகையில் ஏஜென்ட் மூலம் பிடிஎஃப் சேர்த்தல்: லிங்க், இடம், இரட்டை ஆவணம்

கேள்வி (கேட்பவர்: பலகைக்காரன்)

மீரோ என்ற ஆன்லைன் ஒயிட்போர்டுக்காக பைதானில் ஒரு எம்சிபி சர்வர் (ஏஐ மாடல் வெளி டூல்களை அழைக்க உதவும் நிரல்) எழுதியிருக்கிறேன். அதில் ஒரே டூல்: மாடல் கொடுக்கும் போர்டு ஐடி, ஃபைல் லிங்க், ஃபிரேம் (பலகைக்குள் இருக்கும் சட்டம்) ஐடி, எக்ஸ், ஒய் எல்லாவற்றையும் அப்படியே மீரோ ஏபிஐக்கு அனுப்பி ஆவணத்தைப் பலகையில் வைக்கும். பொதுவில் கிடக்கும் பிடிஎஃப் என்றால் சரியாக வருகிறது. சிக்கல் நான்கு இடத்தில்:

கூகுள் டிரைவ் ஷேர் லிங்க் கொடுத்தால் பிழை. ஃபிரேமுக்குள் வைக்கச் சொன்னால் பல நேரம் 400 (தவறான கோரிக்கை) பிழை. ஃபிரேம் இல்லாமல் வைத்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. சில சமயம் ஒரே ஆவணம் இரண்டு முறை வந்து உட்காருகிறது. எட்டு பக்கவாட்டு (லேண்ட்ஸ்கேப்) ஃபைல்களை 1600 × 1000 அளவு ஃபிரேமில் ஒழுங்காக அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதில் 1 (கம்பிவடம்)

டிரைவ் லிங்க் என்பது ஃபைல் இல்லை, ஃபைலைக் காட்டும் வலைப்பக்கம். மீரோவின் சர்வர் உங்கள் கூகுள் லாகின் இல்லாமல் அந்த லிங்கைத் திறக்கிறது. அதற்குக் கிடைப்பது எச்டிஎம்எல்தான். இன்காக்னிட்டோ விண்டோவில் ஒட்டிப் பாருங்கள். மேலே பட்டன்களுடன் டிரைவின் வியூவர் வந்தால் அந்த லிங்க் உதவாது. நேராக பிடிஎஃப் வந்தாலோ டவுன்லோடு ஆனாலோ உதவும்.

அதற்காக ஆபீஸ் ஃபைலை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிடாதீர்கள். இரண்டு நல்ல வழி இருக்கிறது. உங்கள் சர்வரே டிரைவிலிருந்து ஃபைலை இறக்கி, மல்டிபார்ட்டாக (ஒரே கோரிக்கையில் பல பகுதிகளாக) ஏற்றலாம்: 'ரிசோர்ஸ்' என்ற பகுதியில் ஃபைல், 'டேட்டா' என்ற பகுதியில் தலைப்பும் இடமும் ஜேசனாக. இதில் வரம்பு 6 எம்பி. கன்டென்ட்-டைப் ஹெடரை மட்டும் கையால் போடாதீர்கள். லைப்ரரி சேர்க்கும் பவுண்டரி (பகுதிகளைப் பிரிக்கும் குறி) காணாமல் போய், எல்லாம் சரியாக இருந்தும் கோரிக்கை திரும்பிவரும். ஃபைல் பெரியது என்றால் எஸ்3-யில் (அமேசானின் ஃபைல் சேமிப்பு) வைத்து ப்ரீசைன்டு லிங்க் (கையெழுத்திட்ட தற்காலிக லிங்க்) கொடுங்கள். அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள். தற்காலிக சாவியால் கையெழுத்திட்டிருந்தால் அந்தச் சாவி காலாவதியாகும்போதே லிங்கும் செத்துவிடும்.

பதில் 2 (கட்டம்போடு)

இடக் கணக்கை மாடலிடம் விட்டதுதான் தப்பு. மீரோவில் எக்ஸ், ஒய் குறிப்பது ஆவணத்தின் நடுப்புள்ளியை, மூலையை அல்ல. ஃபிரேம் இல்லாவிட்டால் பலகையின் நடு 0,0. ஃபிரேமை பேரன்ட்டாக (ஆவணத்தை உள்ளடக்கும் பொருளாக) கொடுத்தால் கணக்கு அதன் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கும். மாடல் 0,0 என்று அனுப்பினால் ஆவணத்தின் முக்கால் பாகம் ஃபிரேமுக்கு வெளியே நிற்கும். உங்கள் 400 அங்கிருந்துதான்.

உங்கள் ஃபிரேமுக்கே போடுவோம். அகலம் 300, செங்குத்து ஏ4 என்றால் உயரம் சுமார் 424. ஓரமும் இடைவெளியும் 50. எக்ஸ்: 200, 550, 900, 1250. ஒய்: முதல் வரிசை 262, இரண்டாவது 736. கடைசி ஆவணத்தின் அடி 948-இல் முடிகிறது, ஃபிரேம் 1000. எட்டும் அடங்கிவிடும். பக்கவாட்டு ஃபைல் என்றால் உயரம் இன்னும் குறையும், இதே புள்ளிகள் போதும்.

டூலின் உள்ளீட்டில் எக்ஸ், ஒய் இரண்டையும் எடுத்துவிட்டு, 0 முதல் 7 வரை 'கட்ட எண்' ஒன்று மட்டும் வையுங்கள். நான்கால் வகுத்து ஈவு வரிசை, மீதி நெடுவரிசை. அளவில் அகலம் மட்டும் அனுப்புங்கள். விகிதம் மாறாது என்பதால் உயரத்தையும் சேர்த்து அனுப்பக் கூடாது.

பதில் 3 (மறுமுயற்சி)

இரட்டை வருவதற்குக் காரணம் டைம்அவுட். உங்கள் பக்கம் பதில் வருமுன்பே காத்திருப்பைக் கைவிட்டிருக்கும். அங்கே ஆவணம் உருவாகிவிட்டிருக்கும். "தோல்வி" என்று டூல் சொன்னால் மாடல் சளைக்காமல் திரும்ப அனுப்பும். தலைப்பின் முடிவில் ஃபைலின் ஹாஷிலிருந்து (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) நாலு இலக்கம் சேருங்கள்: 'குத்தகை ஒப்பந்தம் 7041' மாதிரி. மறுபடி அனுப்புமுன் அந்த ஃபிரேமில் இருப்பதைப் பட்டியலெடுத்து, அந்தத் தலைப்பு இருந்தால் பழைய ஐடியையே திருப்பிக் கொடுங்கள். பட்டியல் ஒரு தடவைக்கு 50 வரைதான் தரும், கர்சர் (அடுத்த பக்கத்துக்கான குறி) முடியும்வரை போக வேண்டும். இதை மறந்தால் பெரிய பலகையில் மட்டும் இரட்டை தொடரும்.

429 (கோரிக்கைகள் அளவுமீறிவிட்டன என்ற பிழை) வந்தால் டூலுக்குள்ளேயே காத்திருங்கள், மாடலுக்குச் சொல்லவே வேண்டாம். போர்டு ஐடி '=' குறியில் முடியும்; மாடல் அதை நிறுத்தக்குறி என்று நினைத்து வெட்டிவிடுவது உண்டு, அதையும் சரிபாருங்கள்.

பலகைக்காரன்:

கட்ட எண் முறையில் எட்டும் சரியாக உட்கார்ந்துவிட்டன, நன்றிங்க. எட்டையும் பல்க் அழைப்பில் ஒரே தடவையில் அனுப்பலாமா?

கம்பிவடம்:

20 வரை அனுப்பலாம். ஆனால் ஒன்று தவறினால் மொத்தமும் ரத்து. லிங்க் எல்லாம் உங்கள் எஸ்3 என்றால் பல்க். யார் யாரோ தரும் லிங்க் என்றால் ஒவ்வொன்றாகவே போங்கள். இன்னொன்று: ஸ்டிடியோ (stdio, நிரலின் உள்ளீடு-வெளியீடு) வழி எம்சிபி என்றால் டீபக் செய்ய பிரின்ட் போடாதீர்கள், அது நெறிமுறைச் செய்தியோடு கலந்து இணைப்பையே முறித்துவிடும். லாக் எல்லாம் ஸ்டிடிஎரருக்கு (stderr, தனியான பிழை வெளியீடு).