ஏழு தலையான பாவங்கள் வேதத்தில் எங்கே இருக்கின்றன? மறைக்கல்வி வகுப்பில் வந்த கேள்வி

மறைக்கல்வி அக்கா, பத்தாங் பெர்ஜுந்தாய்:

எல்லாருக்கும் வணக்கம். சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரை 2007லேயே பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். போன வாரப் பாடம் தலையான பாவங்கள். பாட்டி எனக்கு மனப்பாடம் செய்ய வைத்த அதே வரிசையில் பலகையில் எழுதினேன்: அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம் (பொறாமை), சோம்பல். எழுதி முடிக்கவில்லை, அதற்குள் பின்வரிசையில் ஒரே சத்தம். ஏதோ ஜப்பான் கார்ட்டூனில் இந்த ஏழும் வருகிறதாம், ஆளுக்கொரு பாவமாம். யார் எந்தப் பாவம் என்று சண்டையே வந்துவிட்டது.

அதை அடக்கிய பிறகு ஒரு பையன் எழுந்தான். எப்போதும் பேசாத பிள்ளை. “டீச்சர், இதில் சோம்பல் இருக்கு, கொலை இல்லையே. அப்படின்னா படுத்துத் தூங்குறவன் கொலைகாரனைவிட மோசமா?” என்றான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் கொழுந்தனார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். “அண்ணி, அந்த ஏழும் வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கு? ஒரே ஒரு வசனம் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்” என்றார். அவர் வாயை மூடுவதற்காகவாவது தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி இரண்டு: பட்டியலுக்கு வேத ஆதாரம் உண்டா? பையனுக்கு என்ன பதில்?

ஜெபவீரன்88:

பிரைஸ் த லார்ட் சிஸ்டர். உங்க கொழுந்தனார் சொல்றது சரி. அப்படி ஒரு வசனம் இல்லை. வேதத்தில் இருக்கிற ஏழு நீதிமொழிகள் 6:16 முதல் 19 வரை: மேட்டிமையான கண், பொய்நாவு, குற்றமற்றவர்களுடைய இரத்தம் சிந்தும் கை, துராலோசனையைப் பிணைக்கும் இருதயம், தீங்கு செய்ய விரைந்தோடும் கால், பொய்ச்சாட்சி, சகோதரருக்குள்ளே விரோதத்தை உண்டுபண்ணுதல். பாருங்க, கொலை இதில் இருக்கு! சோம்பலும் சாப்பாடும் இதில் இல்லை. பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை. கலாத்தியர் 5:19–21ம் இருக்கு. மனுஷர் போட்ட பட்டியல் எதற்கு?

பழைய கிராணி:

மகளே, முதலில் பையனைக் கவனிப்போம். கொழுந்தனார் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பையன் கேட்டது நல்ல கேள்வி. வகுப்பில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இந்தப் பட்டியல் எது பெரிய பாவம், எது சின்னப் பாவம் என்று எடை போட்டுத் தயாரித்தது அல்ல. கொலை, களவு, பொய்ச்சாட்சி எல்லாம் செய்கைகள். அவற்றுக்குப் பத்துக் கட்டளை இருக்கிறது. இந்த ஏழும் செய்கைக்கு முன்னாலேயே மனசுக்குள் ஊறிக்கொண்டிருப்பவை. மற்ற பாவங்களையும் கெட்ட பழக்கங்களையும் பெற்றுப் போடுவதால்தான் இவை தலையானவை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1866ஆம் எண்ணில் சொல்கிறது. லாலாங் புல்லை மேலே வெட்டிவிட்டுப் போனால் நாலு மழையில் மறுபடி நிற்கும், கீழே ஓடுகிற வேரைத் தோண்ட வேண்டும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாததா?

அப்புறம் நாபோத்தின் கதையைச் சொல்லுங்கள். 1 அரசர்கள் 21. ஆகாபு ராஜா. அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ராஜாவுக்கு அது எதற்கு? கீரை போட! இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணமாகத் தருகிறேன் என்கிறான். அப்பன் பாட்டன் வழி வந்த நிலம், கொடுக்க மாட்டேன் என்கிறான் நாபோத்து. ராஜா வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்கிறான். வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. நாடே கையில் இருக்கிறவன், கீரைப் பாத்திக்காகச் சின்னப் பிள்ளை மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கடகடவென்று நடக்கிறது. ராணி ஈசபேல் ராஜா பெயரில் கடிதம் எழுதி முத்திரை போடுகிறாள், இரண்டு போக்கிரிகள் பொய்ச்சாட்சி சொல்கிறார்கள், நாபோத்தைக் கல்லெறிந்து கொல்கிறார்கள், ராஜா எழுந்து போய் நிலத்தை எடுத்துக்கொள்கிறான்.

ஆகாபு ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. ஆனால் இறைவாக்கினர் எலியா நேராக அவனிடம் வந்துதான், கொலையும் செய்து நிலத்தையும் பிடித்துக்கொண்டாயா என்று கேட்கிறார். “கொலை எந்த இடத்தில் ஆரம்பித்தது?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கட்டிலிலா, அதற்கும் முன்னால் வேலிப் பக்கம் நின்று பார்த்தபோதா? சண்டை போடட்டும், கார்ட்டூன் சண்டையைவிடப் பரவாயில்லை.

இப்போது கொழுந்தனாருக்கு. ஏழு பாவங்களையும் வரிசையாகச் சொல்லும் வசனம் கிடையாது. இதைச் சொல்வதில் நமக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு இருக்கிறது. பணஆசை எல்லாத் தீமைக்கும் வேர் என்று 1 திமொத்தேயு 6:10. பொறாமை எலும்புருக்கி என்று நீதிமொழிகள் 14:30. சோம்பேறிக்கு எறும்பைக் காட்டுவது அதே நூல் 6:6. மனிதருக்குள்ளிருந்து, இருதயத்திலிருந்து வருகிறவை என்று இயேசுவே மாற்கு 7:21, 22இல் ஒரு பட்டியல் தருகிறார். அதில் பேராசை, காமவெறி, பொறாமை, செருக்கு நாலும் உண்டு.

பட்டியலாகக் கோத்தவர்கள் எகிப்து பாலைவனத்துத் துறவிகள். நாலாம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் என்பவர் எழுதி வைத்தார். அவர் 399இல் இறந்தார். அவர் எண்ணியது எட்டு, அதுவும் பாவங்கள் என்றுகூட அல்ல, தனியாக இருக்கிறவனைத் தாக்கும் எண்ணங்கள் என்று. போசனப்பிரியத்தில் ஆரம்பித்து அகங்காரத்தில் முடியும். அவருடைய மாணவர் வழியில் வந்த காசியன் இதை இலத்தீன் பேசும் மேற்கு நாட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு போப்பாண்டவர் பெரிய கிரகோரியார், 590 முதல் 604 வரை பதவியில் இருந்தவர், யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் இதை மாற்றி அடுக்கினார். காய்மகாரத்தைச் சேர்த்தார். அகங்காரத்தைத் தனியே எடுத்து மற்ற ஏழுக்கும் ராணியாக்கினார். அவர் கையில் இருந்த இலத்தீன் வேதத்தில் எல்லாப் பாவத்துக்கும் தொடக்கம் ஆணவம் என்று சீராக் நூலில் வரும், அதைப் பிடித்துக்கொண்டார். 1215இல் நாலாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கம் வருசத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தாக வேண்டும் என்று விதித்த பிறகு, சாதாரண சனங்களுக்கு மனசாட்சியைச் சோதிக்க இந்த ஏழும் கைக்கு வசதியாகிவிட்டது.

சோம்பலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எவாகிரியுஸ் சொன்னது தூக்கத்தை அல்ல. துறவி தன் அறையில் இருக்கிறான். பொழுது நகரவே இல்லை, பகல் ஐம்பது மணி நேரம் மாதிரித் தெரிகிறது. சன்னலையே பார்க்கிறான். வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அண்ணாந்து பார்க்கிறான். யாராவது பேச வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறான். பிறகு இந்த இடமே பிடிக்கவில்லை, செய்கிற வேலை பிடிக்கவில்லை, இங்கே யாருக்கும் என்மேல் அன்பே இல்லை, வேறு இடம் போனால் நன்றாக இருக்கும் என்று எண்ணம் ஓடுகிறது. திருப்பாடல் 91:6இல் நண்பகலில் வந்து தாக்குவதாக ஒன்று சொல்லப்படுகிறதே, அந்தப் பேய் இதுதான் என்றார்கள் பாலைவனத்துக்காரர்கள். தோட்ட ஆபீசில் மதியம் இரண்டரை மணிக்குச் செக்ரோலை (ஆட்களின் பேர்ப் பதிவேட்டை) விரித்து வைத்துக்கொண்டு, சன்னல் வழியாகச் செம்பனையைப் பார்த்தபடி இதே எண்ணத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். பதினாறு நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார் என்று படித்தபோது கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆகவே, விடியற்காலையில் பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போய், குலை வெட்டிவிட்டு வந்து மதியம் படுக்கிற அப்பனைச் சோம்பேறி என்று அந்தப் பையன் நினைத்துவிடக் கூடாது. ராத்திரி முழுக்க போனைத் தேய்த்துக்கொண்டு, செய்ய வேண்டியதை மட்டும் தொடாமல் இருக்கிறவனுக்குத்தான் இந்த நோய்.

இன்னொன்று, தலையான பாவம் வேறு, சாவான பாவம் வேறு. சாவான பாவம் ஆக வேண்டுமானால் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும். கல்யாண வீட்டில் இரண்டாம் தட்டு பிரியாணி வாங்கியவன் நேரே நரகத்துக்குப் போகிறான் என்று எந்தத் திருச்சபையும் சொன்னதில்லை.

தம்பி ஜெபவீரன், நீங்கள் காட்டிய வசனம் நல்ல வசனம். ஆனால் கண், நாவு, கை, கால் என்று அதிலும் பெரும்பாலானவை வெளியே வந்துவிட்ட பாவங்கள். நடுவில் இருதயம் ஒன்று இருக்கிறது பாருங்கள், துறவிகள் அதைத்தான் திறந்து பார்த்தார்கள்.

லுத்தரன் வீட்டு மருமகள்:

வணக்கம் அக்கா, ஐயா. நான் பிறந்து வளர்ந்தது இந்து வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு லுத்தரன் சபை. அதனால் முதலில் எனக்குத் தோன்றியது வேறு. காமம், குரோதம், லோபம், மோகம், மதம் (செருக்கு), மாச்சரியம் (பொறாமை) என்று எங்கள் தாத்தா ஆறு சொல்வார். ஏறக்குறைய அதே கூட்டம்தான், போசனப்பிரியமும் சோம்பலும் மட்டும் குறைகிறது. மனசை உற்றுப் பார்த்தவன் எங்கே இருந்தாலும் கிட்டத்தட்ட இதையே பார்ப்பான் போல.

எங்கள் சபையில் இந்த ஏழு பாவங்களை யாரும் பாடமாக எடுப்பதில்லை. 1529இல் வந்த லூத்தரின் சிறிய ஞானோபதேசம் பாவ அறிக்கைக்குப் பத்துக் கட்டளையைத்தான் கையில் கொடுக்கிறது. நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, வேலைக்காரனா, உன் நிலையில் நின்று பார், கீழ்ப்படியாமல் இருந்தாயா, உண்மையில்லாமல் இருந்தாயா, சோம்பலாய் இருந்தாயா என்று கேட்கும். சோம்பல் அங்கேயும் விடவில்லை! பெரிய பாவம் சின்னப் பாவம் என்று தரம் பிரிப்பதில் எங்களுக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை. பாவத்தின் சம்பளம் மரணம் என்றால் எல்லாப் பாவத்துக்கும்தான் (ரோமர் 6:23). ஒன்றிலே தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி என்று யாக்கோபு 2:10. வேர் எது என்று கேட்டால் எங்கள் பாஸ்டர் அவிசுவாசம் என்பார். விசுவாசத்தினால் வராத யாவும் பாவமே, ரோமர் 14:23.

ஐயா, சீராக் எங்கள் வேதாகமத்தில் இல்லை. ஆனால் அழிவுக்கு முன்னானது அகந்தை என்று நீதிமொழிகள் 16:18 இருக்கிறது, அதுவே போதும். மற்றபடி பவுல் ரோமர் 1இல் ஒரு பட்டியல் போடுகிறார், கலாத்தியர் 5இல் வேறு பட்டியல். அவரே ஓர் எண்ணிக்கையில் நிற்கவில்லை. ஏழு என்ற எண்ணுக்காக அக்கா கொழுந்தனாரோடு சண்டை போட வேண்டாம். நாபோத்தின் கதையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

மறைக்கல்வி அக்கா, பத்தாங் பெர்ஜுந்தாய்:

ரொம்ப நன்றி ஐயா, தங்கச்சி, பிரதர். பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொரு கேள்வி. இது வகுப்புக்காக அல்ல. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று ஆட்கள் கேட்டபோது, மேலே இருந்த ஒருவர், கோயிலுக்கும் வருகிறவர், “ஆசைக்கு அளவு வேண்டாமா, பேராசையும் பாவம்தானே” என்றாராம். அப்பா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். லோபித்தனம் என்று பலகையில் எழுதும்போது எனக்கு எப்போதும் அந்த ஆள் ஞாபகம்தான். கூடுதல் சம்பளம் கேட்பது எந்தக் கணக்கில் சேரும்?

பழைய கிராணி:

எந்தக் கணக்கிலும் சேராது. உழைத்ததற்கு உரியதைக் கேட்பது நீதி. வேலையாள் தன் கூலிக்கு உரிமை உள்ளவன் என்று லூக்கா 10:7இல் இயேசுவே சொல்கிறார். தேவைக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் வேண்டும் என்பதுதான் லோபித்தனம்.

நான் சொன்ன 1866க்கு அடுத்த எண்ணையும் படியுங்கள். 1867இல் வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று இன்னொரு பட்டியல் உண்டு. ஆபேலின் இரத்தம், எகிப்தில் நசுக்கப்பட்ட சனங்களின் அழுகை என்று வரும் அந்த வரிசையில் கூலியாளுக்குச் செய்யும் அநீதியும் இருக்கிறது. அதற்கு ஆதாரம் யாக்கோபு 5:4. வயலை அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார். பாலைவனத்துத் துறவிகள் அந்தப் பட்டியலை எழுதியது அவனவன் தன்னைப் பார்த்துக்கொள்ள. அடுத்தவன் கூலியை வெட்ட அதை எடுத்தவர் தவறான பக்கத்தைப் படித்திருக்கிறார். சம்பளக் கணக்கை எழுதிய கை இது, அதனால் சொல்கிறேன்.

ஜெபவீரன்88:

ஐயா, இதில் நான் உங்களோடு. மல்கியா 3:5ம் பாருங்க, கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாய்த் தீவிரமான சாட்சியாய் இருப்பேன்னு கர்த்தர் சொல்றார், சூனியக்காரரோடும் விபசாரரோடும் ஒரே வரிசையில். உபாகமம் 24:15இல் பொழுது போகிறதுக்கு முன்னே, அன்றன்றைக்கே கூலியைக் கொடுத்துவிடணும்னு இருக்கு. சிஸ்டர், உங்க கொழுந்தனாருக்கு இந்த இரண்டு வசனத்தையும் காட்டுங்க, இதில் அவர் தகராறு பண்ண மாட்டார். சீராக் பற்றி மட்டும் பேச்சை எடுக்காதீங்க.