புதுப்பிப்பு: துபாயிலிருந்து இண்டெக்ஸ் ஃபண்ட், கடைசியில் என்ன செய்தேன்

வெளிநாட்டிலிருந்து இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி மாதிரி ஒரு பங்குக் குறியீட்டில் இருக்கும் பங்குகளையே அப்படியே வாங்கிவைக்கும் மியூச்சுவல் ஃபண்ட்) எப்படிப் பணம் போடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

லீவுக்கு கொழிஞ்சாம்பாறை வந்த கையோடு, அம்மா பீரோவில் பத்திரப்படுத்தியிருந்த ஸ்டேட்மெண்டை எடுத்துப் பார்த்தேன். ஃபண்டின் பெயருக்குப் பின்னால் பொடி எழுத்தில் 'ரெகுலர்', அதாவது முகவர் வழியாக வாங்கும் பிளான். ஐந்து வருடமாக முகவர் கமிஷன் அதிலிருந்துதான் போயிருக்கிறது. மனசு கனத்துவிட்டது. 10 லட்சத்துக்கு 0.8% செலவு என்றால் வருடத்துக்கு 8,000 ரூபாய், முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானில் 0.2% என்றால் 2,000தான். நிஃப்டியின் அதே 50 பங்குகளுக்கு எதற்குக் கூடக் கொடுக்க வேண்டும்?

புதுப் பணம் இனி டைரக்ட் பிளானில்தான். பழையதை உடனே விற்கவில்லை. என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) விற்றால் லாபத்தில் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், ஒரு வருடம் தாண்டிய பங்கு ஃபண்டுக்கு 12.5%. கூடப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

அப்புறம், கே.ஒய்.சி.யில் (அடையாள, முகவரி விவரப் பதிவு) நான் இன்னும் உள்ளூர்வாசியாகவே இருந்தேன். முதலில் அதை மாற்றினேன். சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக்கினேன். மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. இப்போது என்.ஆர்.இ. கணக்கிலிருந்து (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) போகிறது. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், சில ஃபண்ட் நிறுவனங்கள் உங்கள் பணத்தை ஏற்பதில்லை.